ஒருவகைப் பறவை: குளிர்காலப் பறவை நோக்கல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

பழைய உரைகளையும் அகராதிகளையும் புரட்டிப் பழகியோர் ஒரு தொடரை அடிக்கடி எதிர்கொண்டிருப்பர். பாட்டில் ஒரு புள்ளின் பெயர் வரும். அது என்ன புள் என்று அறியும் ஆவலோடு அகராதியை விரித்தால், ‘ஒருவகைப் பறவை’ என்று மட்டும் இருக்கும். பெயர் நம் கையில் எஞ்சியிருக்கிறது, பொருள் பறந்துவிட்டது என்பதற்கு நடப்பட்ட அடையாளக் கல் அத்தொடர். தமிழ் பயிற்றும் நம்மைப் போன்றோர் அக்கல்லைத் தாண்டிப் போய்ப் பார்ப்பது அரிது. தேர்வில் அதற்கு மேல் வினா வருவதில்லை.

மார்கழி, தை மாதங்களில் விடியலுக்கு முன் எழுந்து குளக்கரைகளுக்குச் சென்று பறவைகளைப் பார்ப்பதும் எண்ணுவதும் இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு பழக்கமாகியிருக்கிறது. அப்பழக்கம் எங்கிருந்து வந்தது, யார் கைகளைக் கடந்து வந்தது, அதற்கும் நம் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்பவற்றைப் பற்றியே இக்கட்டுரை. அதற்கு முன் நம்முடைய பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டை அறியாதவர் இவ்வாசகர்களில் இருக்க மாட்டார். மனைவியை ஊரில் விட்டுவிட்டு, பொருள் நாடிப் பாண்டியன் தலைநகருக்கு வந்த ஏழைப் புலவர், வாடையில் நடுங்கியபடி, குமரியிலிருந்து வடக்கே செல்லும் நாரையிடம் தம் நிலையைச் சொல்லியனுப்பும் தனிப்பாடல் அது. அதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். ஒருமுறை மாணவி ஒருத்தி, “ஐயா, அந்த நாரையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள். “கூந்தன்குளத்துக்குப் போனால் மரத்துக்கு மரம் நிற்குமே, அதுதான்” என்று தயங்காமல் விடை சொன்னோம். விடை தவறு என்பது மேலும் சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

நமது ஊர்ப் பறவைக் குழுவோடு முதன்முறையாகக் கூந்தன்குளம் சென்ற மார்கழிக் காலை அது. குழுவை நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற ஒரு முதியவர். ஊருக்குள், வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. “இதோ, நம் புலவர் பாடிய நாரை” என்றோம் சற்றுப் பெருமிதத்தோடு. அவர் இருநோக்கியை நம் கையில் கொடுத்து, “சார், அலகைப் பாருங்க. என்ன நிறம்?” என்றார். மஞ்சள். “உங்க பாட்டுல பவளம்னுல்லா வருது? கால் செக்கச் செவேல்னு இருக்கணும்லா? இது சங்குவளை நாரை. இங்கேயே இருக்கிறது. உங்க ஆளு வேற. அது குளிர்காலத்துக்கு மட்டும் வர்ற விருந்தாளி.”

புலவர் பாடிய செங்கால் நாரை வெண்ணிற உடலும் கரிய இறக்கை விளிம்பும் சிவந்த அலகும் சிவந்த காலும் உடையது. நடு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் மட்டும் இந்தியாவுக்கு வருவது. இருபது ஆண்டுகள் நாம் சொல்லிக்கொடுத்தது வேறொரு பறவையை. பாட்டில் நிறம் இருந்தது, திசை இருந்தது, பருவமும் இருந்தது. நம்மிடம் பார்வைதான் இருக்கவில்லை.

அன்று திரும்பும் வழியில் சாலையோரத்தில் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவித்த கிழங்கொன்றை வாங்கி இரண்டாகப் பிளந்தபோது கை சற்று நின்றது. நாரையின் அலகுக்குப் புலவர் சொல்லும் உவமை பிளந்த பனங்கிழங்குதான். நுனி கூர்ந்து, அடி பருத்து, இரு பிளவாக நீளும் அந்த வடிவத்தைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறோம். ஆனால் பனங்கிழங்கு மண்ணிலிருந்து தோண்டப்படுவதும், நாரை வானில் தென்படுவதும் ஒரே பருவத்தில்தான் என்பது அதுவரை உறைக்கவில்லை. குளிரில் நடுங்கிய புலவரின் கைக்கெட்டிய பொருளே உவமையாகியிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்கின்றன என்னும் அறிவு நம் புலவர்களுக்குப் பழையது. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச்சேவல் ஒன்றை விளித்துப் பாடுகிறார். குமரித் துறையில் இரை தின்று வடமலை நோக்கிச் செல்லும் அப்புள், இடையே சோழநாட்டில் தங்கினால் கோப்பெருஞ்சோழனைக் காண வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். அன்னம் என்பது இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து என்று கருதுவோர் உண்டு. வோகல் என்னும் டச்சு அறிஞர் இந்திய இலக்கியத்திலும் கலையிலும் வரும் வாத்தினத்தைப் பற்றி எழுதிய தனி நூலே 1962இல் வெளிவந்தது. ஆனால் பிசிராந்தையாரின் அன்னம் அயிரை மீனை உண்கிறது. வரித்தலை வாத்தோ பெரும்பாலும் புல்லும் தானியமும் மேய்வது. எனவே அடையாளத்தை அறுதியிட்டுச் சொல்ல இயலாது. தெற்கே குமரியும் வடக்கே மலையும் ஒரு புள்ளின் பயணத்துக்கு இரு முனைகள் என்னும் எண்ணம் அப்பாட்டில் ஐயமின்றி இருக்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில்கூட, தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் நீருக்கடியில் உறங்குகின்றன என்று நம்பிய அறிஞர்கள் இருந்தனர். உயிரினங்களுக்கு இருசொற் பெயர் முறையை வகுத்த லின்னேயசும் அவர்களுள் ஒருவர். அங்கே இந்த ஐயத்தைத் தீர்க்க உதவிய சான்றுகளுள் புகழ்பெற்றது ஒரு செங்கால் நாரை. 1822இல் வட ஜெர்மனியில் கிளுட்ஸ் என்னும் ஊரருகே சுடப்பட்ட அந்நாரையின் கழுத்தில், ஆப்பிரிக்காவில் எறியப்பட்ட ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றது. ஈட்டியோடு அது அவ்வளவு தொலைவு பறந்து வந்திருந்தது. பதப்படுத்தப்பட்ட அவ்வுடல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் புலவருக்குத் தூது சென்ற இனமே அங்கும் ஒரு செய்தியைக் கொண்டு சென்றது. உயிரைக் கொடுத்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது.

துப்பாக்கியின் காலம்

அந்த நாரையைக் கண்டறிந்ததும் துப்பாக்கிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பறவையை அறிவது என்றால் அதைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, பெயர்ச்சீட்டுக் கட்டுவது. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இத்துறைக்கு அடித்தளம். தமிழிலும் தெலுங்கிலும் வழங்கிய பறவைப் பெயர்களை அவர் திரட்டித் தந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்த தொகுப்பில் பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 80,000 உருப்படிகள் இருந்தன. சாலிம் அலியின் வாழ்வும் துப்பாக்கியில்தான் தொடங்குகிறது. சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்று இன்னதென்று அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியதே அவர் அத்துறைக்குள் நுழைந்த கதை. அக்கழகம் தொடங்கப்பட்டது 1883இல்.

இக்கதைக்கு இணையாக நம் மண்ணில் வேறொரு கதையும் நடந்தது. செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் கூடு கட்டி வந்தன. பெயரே வேடர் தங்கும் இடம் என்று பொருள்படுவது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் மாவட்ட ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, அவ்வாறு சுடுவதைத் தடுக்கும் கௌல் ஒன்றைப் பெற்றனர். பறவை நலம் பேசும் சங்கங்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட செய்தி இது. 1936இல் அவ்வேரி சரணாலயமாக அறிந்தேற்கப்பட்டது. வேளாண்மைக் கணக்கும் விருந்தோம்பலும் ஒன்றாகக் கலந்த ஓர் ஏற்பாடு அது. எது முதல், எது பின் என்று பிரிக்க முயல்வது வீண்.

தொப்பியிலிருந்து குறிப்பேட்டுக்கு

குளிர்காலத்தில் கூட்டமாகச் சென்று பறவைகளை எண்ணும் வழக்கத்துக்குத் தெளிவான பிறந்தநாள் உண்டு: 1900, டிசம்பர் 25. அமெரிக்காவில் கிறித்துமஸ் நாளன்று ஆடவர் இரு அணிகளாகப் பிரிந்து காட்டுக்குள் சென்று, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டு, எந்த அணியின் குவியல் பெரிது என்று பார்க்கும் போட்டி ஒன்று இருந்தது. பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர், அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணிக்கை மட்டும் எடுத்து எழுதுங்கள் என்று தம் இதழ் வழியே அழைப்பு விடுத்தார். அவ்வாண்டு 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். ஏறத்தாழ 90 இனங்கள் பதிவாயின. அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடைபெறுகிறது.

சாப்மன் இதற்கு முன்பே வேறொரு கணக்கு எடுத்திருந்தார். 1886இல் நியூயார்க் நகரத் தெருக்களில் நடந்து, எதிரே வந்த பெண்களின் தொப்பிகளை எண்ணினார். அவர் பார்த்த 700 தொப்பிகளில் 542இல் பறவை இறகுகளோ பறவைகளோ இருந்தன. 40 இனங்களை அவரால் அடையாளம் காண முடிந்தது. காட்டில் உயிரோடு இருக்க வேண்டியவற்றை ஒருவர் கடைத்தெருவில் தொப்பிகளின் மேல் எண்ண நேர்ந்த அந்தப் பிற்பகல்களே, பின்னாளில் அவரைக் கிறித்துமஸ் கணக்குக்கு இட்டுச் சென்றன என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்தியாவில் துப்பாக்கியிலிருந்து இருநோக்கிக்கு மாறிய தலைமுறைக்குக் கைவிளக்காக அமைந்தது 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல். 1950இல் தில்லியில் ஒரு பறவை நோக்கர் சங்கம் தோன்றியது. தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஹொரேஸ் அலெக்சாண்டர் காந்தியடிகளின் நண்பர். 1960ஐ ஒட்டி ஜாபர் பதேஅலி தொடங்கிய பறவை நோக்கர்களுக்கான செய்தி மடல், ஊர் ஊராகத் தனித்திருந்த ஆர்வலர்களை இணைத்தது. சென்னையில் இயற்கையாளர் சங்கம் 1978இல் உருவானது. தமிழ் வாசகருக்கு இவ்வரிசையில் மிக நெருக்கமானவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றிய பத்தியை இடைவிடாது எழுதியவர். காட்டுக்குப் போக இயலாதவர் தம் வீட்டுக் கொல்லையைப் பார்க்கலாம் என்பதைத் தம் எழுத்தால் காட்டியவர். தமிழ்த்துறையைச் சேர்ந்தோரும் இதில் சும்மா இருந்துவிடவில்லை. பி.எல். சாமி சங்க இலக்கியப் புள்ளினங்களை இன்றைய பறவையியலோடு ஒப்பிட்டு விளக்கினார். தமிழ்ப் பேராசிரியரான க. ரத்னம் மக்கள் வழக்கில் உள்ள பறவைப் பெயர்களைத் திரட்டினார். ‘ஒருவகைப் பறவை’ என்னும் கல்லைப் பெயர்த்தெடுக்க முயன்றவர்கள் இவர்கள். நம் பிழைக்கு இவர்களைப் படிக்காததும் ஒரு காரணம்.

எண்ணும் முறை

நீர்ப்பறவைகளை நடுக்குளிர்காலத்தில் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. வலசை வந்த பறவைகள் அப்போது ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும். முன்னரோ பின்னரோ எண்ணினால், நகர்ந்துகொண்டிருக்கும் ஒரே கூட்டத்தை இரு ஊரார் இருமுறை எண்ண நேரும். உலக அளவிலான நீர்ப்பறவைக் கணக்கு 1967இல் தொடங்கியது. அதன் ஆசியப் பகுதி 1987இல் தொடங்கி ஒவ்வொரு சனவரியிலும் நடைபெறுகிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. வீட்டு மாடியில் கால்மணி நேரம் நின்று பார்த்தவற்றைப் பதிந்தாலும் அதில் சேர்த்துக்கொள்ளப்படும்.

ஓர் ஆயிரம் ஊசிவால் வாத்துகள் நீரில் மிதக்கும்போது ஒன்றொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்ணில் பிடிக்கும் இடத்தை மனத்தில் கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்திச் செல்ல வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, முடிவில்தான் ஒப்பிட வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்துவிட்டால் முழுக் கூட்டமும் எழுந்துவிடும், மீண்டும் முதலிலிருந்து. இவ்வளவும் பனியில், பசியோடு, பேசாமல். யாப்பிலக்கணம் நடத்தும்போது சீர் பிரிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர்கள் இதைச் சலிப்பின்றிச் செய்வதைக் கண்டிருக்கிறோம்.

நமது குழு முதியவருக்கு ஒரு விதி உண்டு. காணாததையும் எழுத வேண்டும். குளத்துக்குச் சென்றோம், இன்ன நேரம் பார்த்தோம், இன்ன பறவை இல்லை. முதலில் இது வீண்வேலை என்று தோன்றியது. பின்னரே விளங்கியது: எவரும் பார்க்கவில்லை என்பதும், பார்த்தோம் ஆனால் இல்லை என்பதும் வேறு வேறு. முன்னது நம் குறை. பின்னது உலகின் செய்தி. நம் அகராதிகளில் இந்த இரண்டும் கலந்துபோனதால்தான் ‘ஒருவகைப் பறவை’ என்னும் தொடர் பிறந்தது.

இத்தகைய எளிய குறிப்புகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதற்கு 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை சான்று. ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்கள் தந்த மூன்று கோடிக்கு மேற்பட்ட பதிவுகளின் அடிப்படையில் 942 இனங்கள் ஆராயப்பட்டன. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்து வருகின்றன. குளங்களின் கதையும் வேறல்ல. சென்னையின் தெற்கே பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைமேடும் கட்டடங்களுமாகச் சுருங்கிப் போனது. எஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாயிற்று. 2022இல் பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. கோடியக்கரை அப்பட்டியலில் 2002லேயே சேர்ந்திருந்தது. பட்டியலில் சேர்வது நல்லதே. ஆனால் கூந்தன்குளத்தில் பறவைகளைக் காத்து நிற்பது முதன்மையாக அவ்வூர் மக்களின் பொறுமைதான். முற்றத்தில் விழும் எச்சத்தையும் மீன்நாற்றத்தையும் இரவெல்லாம் எழும் ஓசையையும் பொறுத்துக்கொண்டு, கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கும் பழக்கம் அங்கு உண்டு. வேடந்தாங்கல் ஊரார் எழுத்தில் பெற்ற கௌலை, இவர்கள் எழுதாமலேயே கடைப்பிடிக்கிறார்கள்.

குறிப்பேட்டில் ஒரு கட்டம்

கேள்வி கேட்ட மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. அண்மையில் ஒரு பொங்கல் கணக்கெடுப்பின்போது தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கரைக்கு வந்திருந்தார். முதல் வேலையாக அவரிடம் நம் பழைய விடையைத் திருத்திச் சொன்னோம். அவர் சிரித்தார். “ஐயா, நானும் நாலு வருஷம் அதையே சொல்லிக்கொடுத்துவிட்டேனே” என்றார். சிரிப்பு நம் தொண்டையில் நின்றது. ஒரு தவறான அடையாளம் ஓர் ஆசிரியரிடமிருந்து அடுத்த ஆசிரியருக்குச் செல்ல ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை. பெயர்கள் இப்படித்தான் பொருளிழக்கின்றன போலும்.

அன்று வரித்தலை வாத்துகள் இருந்தன. தலையின் பின்புறம் இரு கருங்கோடுகளோடு, கரையோரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட அவ்வினப் பறவைகள் தென்னிந்தியக் குளங்களில் காணப்பட்டுள்ளன என்று முதியவர் சொன்னபோது, பிள்ளைகள் ஒவ்வொரு கழுத்தாகத் தேடினர். பட்டை எதுவும் இல்லை. நீலச்சிறகிகள், தட்டைவாயன்கள், நெடுங்கால் உள்ளான்கள், வாலாட்டிகள் என்று பட்டியல் நீண்டது. சங்குவளை நாரைகளும் இருந்தன. இம்முறை அவற்றை நாம் வேறு பெயரால் அழைக்கவில்லை.

செங்கால் நாரை வரவில்லை. நாம் குழுவோடு சென்ற இத்தனை குளிர்காலங்களில் ஒருமுறைகூட அதை நேரில் கண்டதில்லை. தமிழ்நாட்டில் அது அரிதாகவே தென்படும் விருந்தாளி. கணக்கை முடிக்கும் நேரத்தில் ஒரு சிறுவன் குறிப்பேட்டை நீட்டி, “இதுக்கு நேரா என்ன போட, காலியா விட்டுரவா?” என்று கேட்டான். “விடாதே. பார்த்தோம், இல்லை என்று எழுது” என்றார் அவனுடைய ஆசிரியை.

அவன் எழுதினான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒருவர் பையிலிருந்து பனங்கிழங்கை எடுத்துப் பிளந்து எல்லாருக்கும் கொடுத்தார். அதை வாங்கிய பிள்ளைகளிடம் பாட்டைச் சொன்னோம். பறவையின் நிறத்தையும் திசையையும் சரியாகச் சொன்னோம். அது வரும் ஆண்டில் அவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே.